உருக்காலைக்குப் போகாமல் தப்பிய தீயணைப்பு படகு! 72 வருஷம் தீயோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற கதை

கும்மிடிப்பூண்டி,

ஒரு கப்பல் வயசாகி ஓய்வு பெற்றால் என்ன ஆகும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலை வேலைக்குப் போகும் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். உடைப்பாங்க, எடை போடுவாங்க, உலையில போடுவாங்க, கம்பி ஆக்கிடுவாங்க!

பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்குவதும், உருகி கட்டிட கம்பியாக வெளியே போவதும் இந்தப் பகுதியில் தினமும் நடக்கும் தொழில்.

நாட்டுக்காக சண்டை போட்ட கப்பலுக்கே அந்தக் கதிதான். 1971-ம் ஆண்டு போரில் பங்கேற்ற 'ஐ.என்.எஸ். விக்ராந்த்' விமானம் தாங்கி கப்பல் 1997-ல் ஓய்வு பெற்றது. சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க முடியாமல் கடைசியில் 2014-ல் ஏலம் போட்டு உடைத்து விட்டார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி 2016-ல் வந்த பஜாஜ் 'வி' மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு படகு மட்டும் அந்தக் கதியில் இருந்து தப்பி விட்டது. அது போர்க்கப்பல் அல்ல. சொகுசுக் கப்பலும் அல்ல. தீயை அணைக்கும் படகு. அதன் பெயரே 'பயர் பைட்டர்'. அதாவது தீயோடு போராடுபவன்.

துறைமுகங்களும், ரசாயன ஆலைகளும், எரிவாயு முனையமும் நெருக்கி இருக்கும் திருவள்ளூர் மாவட்ட மக்கள் இந்தப் படகின் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

நிமிஷத்துக்கு 6 லாரி தண்ணீர்

'பயர் பைட்டர்' 1938-ம் ஆண்டு கட்டப்பட்டது. நீளம் 134 அடி. மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் அதைவிட கொஞ்சம் கூடுதலாக வரும். டீசல் என்ஜின் மூலம் மின்சாரம் தயாரித்து, அந்த மின்சாரத்தில் ஓடும் படகு இது. அந்தக் காலத்தில் இது புது டெக்னிக்.

படகு பெரிசா என்பது முக்கியம் இல்லை. அது பீச்சி அடிக்கும் தண்ணீர்தான் முக்கியம். ஒரு நிமிஷத்துக்கு 20 ஆயிரம் கேலன். நம்ம கணக்கில் சுமார் 75 ஆயிரத்து 700 லிட்டர்.

கோடைக்காலத்தில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அப்படி 6 லாரி தண்ணீரை ஒரே நிமிஷத்தில் காலி செய்வதற்கு சமம். ஒரு மணி நேரம் ஓடினால் 45 லட்சம் லிட்டர்!

இவ்வளவு தண்ணீருக்கு தொட்டி எங்கே என்று கேட்கலாம். தொட்டியே கிடையாது. கடல்தான் தொட்டி. படகின் அடியில் உள்ள துவாரம் வழியாக பம்பு கடல் தண்ணீரை உறிஞ்சும். மேல் தளத்தில் பீரங்கி மாதிரி நிற்கும் குழாய்கள் வழியாக அது சீறிப் பாயும். தண்ணீர் தீர்ந்து போச்சு என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தண்ணீர் முன்னால் பாயும் வேகத்தில் படகு பின்னால் தள்ளப்படும். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைப்பது போலத்தான். அதனால் தண்ணீர் அடிக்கும்போதே என்ஜினையும் ஓட்டி, படகை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு தனித்திறமை வேண்டும்.

கியாஸ் கட்டிங் பொறியால் கவிழ்ந்த சொகுசுக் கப்பல்

1942-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி. 'நார்மண்டி' என்ற பிரமாண்ட பிரெஞ்சு சொகுசுக் கப்பல் நியூயார்க் கரையில் நின்றது. இரண்டாம் உலகப்போர் நேரம் என்பதால் அதை ராணுவ வீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றும் வேலை நடந்து கொண்டிருந்தது.

இரும்புத் தூண் ஒன்றை கியாஸ் வைத்து வெட்டியபோது தெறித்த பொறி, பக்கத்தில் குவித்து வைத்திருந்த லைப் ஜாக்கெட்டுகள் மீது விழுந்தது. அந்த ஜாக்கெட்டுகளுக்கு உள்ளே இருந்தது இலவம்பஞ்சு. கேட்க வேண்டுமா? மளமளவென்று தீ பரவியது.

'பயர் பைட்டர்' உள்பட தீயணைப்பு படகுகள் விரைந்து வந்து தண்ணீரைக் கொட்டின. தீ கட்டுக்குள் வந்தது. ஆனால் மேல் தளங்களில் தேங்கிய தண்ணீரின் பாரம் தாங்காமல் மறுநாள் அதிகாலையில் கப்பல் ஒரு பக்கமாக சாய்ந்து கவிழ்ந்து விட்டது.

தண்ணீர் நிறைய அடித்தால் மட்டும் போதாது. அது எங்கே போய்த் தேங்குகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை தீயணைப்பு துறையினர் அன்று கற்றுக் கொண்டனர். வெல்டிங், கட்டிங் வேலை நடக்கும் இடத்தில் பஞ்சு, சாக்கு, துணி எதுவும் இருக்கக்கூடாது என்று தொழிற்சாலைகளில் சொல்லப்படுவதற்கு இது ஒரு பெரிய சாட்சி.

அங்கே தப்பியது... பம்பாயில் வெடித்தது

1943-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி இன்னொரு சோதனை. 'எல் எஸ்டெரோ' என்ற சரக்குக் கப்பலில் 1,300 டன்னுக்கு மேல் வெடிபொருட்கள் ஏற்றி இருந்தார்கள். திடீரென்று என்ஜின் அறையில் தீப்பிடித்தது. வெடித்தால் பக்கத்து கப்பல்கள், கரையில் நின்ற வெடிமருந்து ரெயில் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். நியூயார்க் துறைமுகப் பகுதியே நாசமாகும்.

அதிகாரிகள் உடனே ஒரு முடிவு எடுத்தார்கள். கப்பலைக் கரையில் வைத்துக் காப்பாற்றுவது நடக்காத காரியம். அதை இழுத்துக் கொண்டு போய் மூழ்கடிப்பதுதான் வழி.

கடலோர காவல் படையினர் உயிரைப் பணயம் வைத்து கப்பலில் நின்றனர். டக் கப்பல்கள் இழுத்தன. 'பயர் பைட்டர்', 'ஜான் ஜே. ஹார்வி' ஆகிய 2 தீயணைப்பு படகுகளும் கூடவே போய் விடாமல் தண்ணீர் அடித்தன. இரவில் கப்பல் மூழ்கியது. பெரிய வெடிப்பு நடக்கவே இல்லை. மக்கள் பிழைத்தார்கள்.

சரியாக ஒரு வருஷம் கூட ஆகவில்லை. 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. இடம் நம்ம பம்பாய் விக்டோரியா துறைமுகம். 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருட்கள். அதோடு பஞ்சு மூட்டைகள், எண்ணெய் பீப்பாய்கள், தங்கக்கட்டிகளும் இருந்தன.

மதியம் 2 மணி வாக்கில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்களும், தீயணைப்பு படகுகளும் சேர்ந்து 900 டன்னுக்கு மேல் தண்ணீரைக் கொட்டியும் தீ அடங்கவில்லை. தீ எந்த மூலையில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலோ கரையை விட்டு நகரவில்லை.

மாலை 4.06 மணிக்கு 'டமார்' என்று வெடித்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு அதைவிட பயங்கரமாக இன்னொரு வெடிப்பு. அந்த அதிர்ச்சி 1,700 கி.மீ. தூரத்தில் சிம்லாவில் உள்ள நிலநடுக்க கருவியிலும் பதிவானது.

800 முதல் 1,300 பேர் வரை பலியானதாக மதிப்பிடப்படுகிறது. கடைசி வரை குழாயை விடாமல் நின்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உடல் சிதறி இறந்தனர். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14-ந் தேதி தேசிய தீயணைப்பு சேவை தினம் கடைப்பிடிக்கப்படுகிறது.

இரண்டு கப்பலிலும் வெடிமருந்து. இரண்டிலும் தீ. இரண்டு இடத்திலும் தைரியமான ஆட்கள். ஒரு கப்பலை ஊரை விட்டு இழுத்துச் சென்றார்கள். இன்னொன்று கரையிலேயே நின்றது. வித்தியாசம் அதுதான்.

நள்ளிரவில் மோதிய கப்பல்கள்

'பயர் பைட்டர்' படகுக்கு பெரும் புகழ் தேடித் தந்தது 1973-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி நடந்த விபத்து. நள்ளிரவு தாண்டிய நேரம். 'சீ விட்ச்' என்ற கண்டெய்னர் கப்பலின் ஸ்டியரிங் பழுதாகி, நங்கூரம் பாய்ச்சி நின்ற 'எஸ்ஸோ பிரசல்ஸ்' என்ற எண்ணெய் கப்பல் மீது மோதியது. கச்சா எண்ணெய் கொட்டி, கடல் மீதே தீ எரிந்தது. 16 பேர் இறந்தனர்.

'சீ விட்ச்' கப்பலின் பின்பகுதியில் சுமார் 30 ஊழியர்கள் சிக்கிக் கொண்டார்கள். நாலா பக்கமும் தீ. 'பயர் பைட்டர்' படகு தீக்கு நடுவே தண்ணீர் அடித்து வழி உண்டாக்கிக் கொண்டு உள்ளே புகுந்தது. ஏணி வைத்து அத்தனை பேரையும் இறக்கி கொண்டு வந்தது. இந்த தீரச் செயலுக்காக படகுக்கே விருது கிடைத்தது.

இதைப் படிக்கும்போது எண்ணூர் பக்கத்து மக்களுக்கு ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வரும். 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற கியாஸ் கப்பலும், 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய் கப்பலும் மோதிக் கொண்டன. எண்ணெய் கரை ஒதுங்கியது. மீனவர்களும், மாணவர்களும், தொழிலாளர்களும் பக்கெட்டில் அள்ளி அள்ளி கொட்டினார்கள். வாரக்கணக்கில் மீன் விற்கவில்லை.

அன்று நல்லவேளையாக தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்? 1973-ல் நியூயார்க்கில் நடந்ததுதான் அதற்குப் பதில்.

ஓய்வு பெற்ற படகு மீண்டும் வேலைக்கு வந்தது

'எல் எஸ்டெரோ' கப்பலை இழுத்தபோது கூட நின்ற 'ஜான் ஜே. ஹார்வி' படகின் கதையும் சுவாரசியமானது. 1930-ல் ஒரு ஜெர்மனி கப்பல் வெடித்தபோது இறந்த படகு ஓட்டுநரின் பெயர் அது. அவர் நினைவாக 1931-ல் இந்தப் படகுக்கு அதே பெயரை வைத்தார்கள்.

1994-ம் ஆண்டு இந்தப் படகுக்கு ஓய்வு கொடுத்தார்கள். 1999-ல் ஏலத்துக்கு வந்தது. பழைய இரும்பு வியாபாரிகள் கைக்குப் போயிருக்க வேண்டியது. படகு மீது ஆசை வைத்த நண்பர்கள் சிலர் பணம் போட்டு, 28 ஆயிரத்து 10 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். லீவு நாட்களில் துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, என்ஜினை ஓட வைத்தார்கள்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. கோபுரம் சரிந்த வேகத்தில் பூமிக்கடியில் இருந்த தண்ணீர் குழாய்கள் உடைந்து போயின. தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எதிரே ஆறு நிறைய தண்ணீர். அதைக் கரைக்கு கொண்டு வர படகு வேண்டும்.

'பயர் பைட்டர்' வந்தது. 'ஜான் டி. மெக்கீன்' என்ற இன்னொரு படகும் வந்தது. கூடவே ஓய்வு பெற்ற 'ஹார்வி'யும் ஓடி வந்தது! முதலில் மக்களை ஏற்றிக் கொண்டு பத்திரமான இடத்துக்குப் போனது. திரும்பி வந்து தண்ணீர் கொடுக்கச் சொல்லி தீயணைப்பு துறையே கேட்டது.

பழைய படகு என்பதால் குழாய்களில் ஏகப்பட்ட கோளாறு. மேலே பீச்சும் குழாய் வாய்களை மரத்துண்டு, காலி பிளாஸ்டிக் பாட்டில்களை வைத்து அடைத்து, தண்ணீரை ஓஸ் பைப்புகளுக்குத் திருப்பினார்கள். சுமார் 80 மணி நேரம் பம்பு ஓடியது.

ஏலத்தில் இரும்பு விலைக்குப் போயிருந்தால் அந்த 80 மணி நேரத் தண்ணீர் கிடைத்திருக்காது.

வரலாற்றுச் சின்னம் என்றால் பணம் வருமா?

'பயர் பைட்டர்' படகு வேலையில் இருந்தபோதே, 1989-ம் ஆண்டு அமெரிக்க அரசு அதை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2010-ல் புது படகு வந்ததும் ஓய்வு கொடுத்தார்கள். 2012-ல் தன்னார்வலர்கள் அமைத்த ஒரு அமைப்பிடம் படகு ஒப்படைக்கப்பட்டது.

சின்னம் என்று அறிவித்து விட்டால் அரசாங்கம் பணத்தைக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு கவுரவம்தான். செலவு முழுக்க வைத்திருப்பவர் தலையில்.

உப்புத் தண்ணீர் இரும்பை சும்மா விடாது. சில வருஷத்துக்கு ஒருமுறை படகை கரையேற்றி, அடிப்பாகத்தை சுரண்டி, தேய்ந்து போன தகட்டை வெட்டி எடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பெயிண்ட் அடிக்க வேண்டும். என்ஜினை அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடாமல் நிற்கும் என்ஜின்தான் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது தொழிலாளர்களுக்குத் தெரியாததா?

இதனால்தான் சில ஊர்களில் படகை தண்ணீரில் வைக்காமல் கரையில் ஏற்றி விடுகிறார்கள். ஹாங்காங்கில் 1953 முதல் 2002 வரை வேலை பார்த்த 'அலெக்சாண்டர் கிராந்தாம்' என்ற தீயணைப்பு படகை ஒரு பூங்காவுக்குள் தூக்கி வைத்து 2007-ம் ஆண்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கலாம். செலவு குறைவு. ஆனால் படகு இனி ஓடாது.

லண்டனில் 1935-ல் கட்டிய 'மாசி ஷா' படகு 1940-ல் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய ராணுவ வீரர்களை மீட்டு வந்தது. அதையும் தன்னார்வலர்கள் காப்பாற்றி மீண்டும் ஓட வைத்தார்கள். அமெரிக்காவின் பபலோ நகரில் 1900-ம் ஆண்டு கட்டிய 'எட்வர்டு எம். காட்டர்' என்ற படகு நூறு வயசைத் தாண்டிய பிறகும் தீயணைப்பு வேலையிலும், ஆற்றில் உறைந்த பனிக்கட்டியை உடைக்கும் வேலையிலும் இருந்தது.

நம்ம நாட்டில் இதற்குப் பக்கத்தில் வரும் உதாரணம் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. 2001-ல் ஓய்வு பெற்ற 'ஐ.என்.எஸ். குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலை கடற்கரை மணலில் ஏற்றி, 2002-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

நம்ம துறைமுகத்தில் என்ன வழி?

இப்போது துறைமுகங்களில் தீக்கு மட்டும் தனியாக படகு வைப்பது குறைந்து விட்டது. கப்பல்களை இழுத்து நிறுத்தும் டக் கப்பல்களிலேயே தீயணைப்பு பம்பையும் பொருத்தி விடுகிறார்கள். இதற்கு உலக அளவில் தர வரிசை உண்டு. முதல் தரத்துக்கு மணிக்கு 2,400 கன மீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் அடிக்க வேண்டும். தண்ணீர் 120 மீட்டர் தூரம் போய் விழ வேண்டும். 1938-ல் கட்டிய 'பயர் பைட்டர்' இந்த அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லா தீக்கும் தண்ணீர் மருந்து அல்ல. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். எரியும் எண்ணெயில் தண்ணீரைக் கொட்டினால் தீ மிதந்து கொண்டே பரவும். அதற்கு நுரை வேண்டும். நுரை போர்வை மாதிரி மூடி காற்றைத் தடுத்து விடும். திரவ இயற்கை எரிவாயு தேங்கி எரிந்தால் அதில் நேராக தண்ணீர் அடிக்கவே கூடாது. அடித்தால் இன்னும் வேகமாக ஆவியாகி தீ பெரிதாகும். அங்கே பவுடர்தான். தண்ணீர், பக்கத்தில் உள்ள டேங்குகளைக் குளிர்விக்க மட்டும்.

2001-ல் நிலக்கரிக்காகத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இப்போது எண்ணெய், கியாஸ், கார் எல்லாம் வந்து போகின்றன. 2019-ல் அங்கே திரவ இயற்கை எரிவாயு முனையமும் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளி துறைமுகம். கூப்பிடு தூரத்தில் மீனவ கிராமங்கள். அதனால் உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது தண்ணீரை விட முக்கியம்.

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். முதலில் தீயை அணைக்கப் போன 10 பேர் கொண்ட குழுவில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் ஒரு சரக்கு முனையத்தில் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் 2015-ம் ஆண்டில் இருந்தே கண்டெய்னர்களில் கிடப்பது எல்லோருக்கும் தெரிய வந்தது. பரபரப்பு ஏற்பட்டு, அது அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டது.

ஆபத்து கடலுக்கும் புதிது அல்ல. 2021-ம் ஆண்டு மே மாதம் கொழும்பு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கண்டெய்னர் கப்பல் தீப்பிடித்தபோது இந்திய கடலோர காவல் படை கப்பல்களும் போய் தண்ணீர் அடித்தன. ஆனாலும் கப்பல் மூழ்கியது. இலங்கை கடற்கரை முழுக்க பிளாஸ்டிக் குருணை ஒதுங்கி மீனவர்கள் பிழைப்பு போனது.

ஏப்ரல் 14 முதல் 20 வரை

பழைய படகை எதற்குப் பாதுகாக்க வேண்டும், இரும்புக்காவது போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் தளத்தில் ஏறி நின்று, அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்கும் பையனுக்கு தீ என்றால் என்ன, தீயணைப்பு வேலை என்றால் என்ன என்று ஒரு நிமிஷத்தில் புரிந்து விடும். பத்து புத்தகம் படித்தாலும் அது வராது.

நம்ம பக்கத்தில் அப்படி ஒரு படகு இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 முதல் 20-ந் தேதி வரை தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையங்கள் சார்பில் பள்ளிகள், தொழிற்சாலைகளில் செயல்விளக்கம் நடத்துவார்கள். அப்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். எண்ணெய் தீக்கு எது, மின்சார தீக்கு எது, கியாஸ் சிலிண்டரில் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

தீ விபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 101. அவசர உதவிக்கு பொது எண் 112. கூப்பிடும்போது இடத்தைச் சொல்வதோடு, உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை, குழாயைப் பிடித்துக் கொண்டு உள்ளே போகும் வீரரின் உயிரைக் காப்பாற்றும்.